நாலாயிரத்துச் சொச்சம்

ஆறு உறைந்து போனால் லாரி எந்தப் பக்கமாக ஓடும் என்று கார்குழலி போனில் கேட்டாள்.

ஆற்றின் மேலேயே ஓடும் என்றான் அவள் புருஷன் பீம்ராவ்.

சரியான பதில். ஷெர்லின் தன் போனில் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டித் தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல். திருவொற்றியூரில், வாரியக் குடியிருப்பின் முனையில் இருக்கிறது ஷெர்லினின் மளிகைக் கடை. தராசுக்குப் பக்கத்தில் கார்குழலியின் போன் ஸ்பீக்கரில் கிடந்தது. புருஷன் வாரத்துக்கு ஒருமுறை, இந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவான். இன்று அவள் வீட்டில் உட்கார்ந்து பேசாமல் இங்கே வந்ததற்குக் காரணம் இருந்தது. ஷெர்லினுக்கு இங்கிலீஷ் படிக்க வரும்.

பீம்ராவ் வெல்டர். காட்டுப்பள்ளியில் கப்பல் வேலை பார்த்துக்கொண்டிருந்தவனை ஏழு மாதம் முன்பு ஒரு ஏஜென்ட் ரஷ்யாவுக்கு அனுப்பினான். அங்கே வடகோடியில், யாகுத் பகுதியில், வாயில் நுழையாத பெயருள்ள ஒரு மாவட்டம். தங்கச் சுரங்கத்தில் வேலை.

மாவட்டம் நிஜம்தான். ஷெர்லின் தேடி எடுத்துவிட்டாள். இரண்டு தமிழ்நாட்டைத் தூக்கிப் போட்டாலும் இடம் மிச்சமிருக்கும். அவ்வளவு பெரிய இடத்தில் நாலே நாலு ஊர். ரயில் கிடையாது. குளிர்காலத்தில் ஆறு உறைந்தால்தான் பாதை, மற்ற நாளில் விமானம். மான் மேய்க்கிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள். மொத்த ஜனமும் நாலாயிரத்துச் சொச்சம்.

"எக்கா, அப்போ அங்க கடை வச்சவன் யாருக்கு விக்கான்?" என்று ஷெர்லின் உண்மையாகவே கவலைப்பட்டாள்.

கார்குழலிக்கு மாவட்டத்தின் மேல் சந்தேகம் இல்லை. புருஷன் மேல்தான்.

ஷெர்லினின் மாமன் சிலுவைமுத்து லாரி ஓட்டுகிறவர். மாதவரம் பால் பண்ணைப் பக்கம் பீம்ராவ் மாதிரியே ஒருத்தனைப் பார்த்ததாகப் போன வாரம் சொன்னார். ஸ்கூட்டரில், பின்னால் ஒரு பெண்ணோடு. முகம் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு முதுகைப் பார்த்தேன் என்றார். கார்குழலிக்கு முதுகே போதுமானதாக இருந்தது. பீம்ராவ் அப்படியொன்றும் யோக்கியன் இல்லை. கேன்டீன்காரியோடு ஒரு முறை மாட்டியவன்.

யோசித்துப் பார்த்தால் எல்லாம் பொருந்தியது. வீடியோவில் வரச் சொன்னால் நெட் இல்லை என்பான். அனுப்பியது ஒரே ஒரு படம். அதில் ஒட்ட வெட்டிய தலை. குல்லாய் போட வசதி என்றான். எவளுக்குப் பிடிக்கும் என்று வெட்டிக்கொண்டானோ. மேலே பட்டாளத்துப் பச்சையில் ஒரு சட்டை, கம்பெனி கொடுத்ததாம். பேசும்போது தூரத்தில் பட்டாசுச் சத்தம் கேட்கும். சுரங்கத்தில் பாறை உடைக்கிறார்கள் என்பான். மாதவரத்தில் கல்யாணத்துக்கும் வெடிக்கிறார்கள், சாவுக்கும் வெடிக்கிறார்கள்.

இன்றும் வெடித்தது. இரண்டு முறை. பீம்ராவ் பேச்சை நிறுத்திவிட்டுத் தொடர்ந்தான்.

ஷெர்லின் அடுத்த கேள்வியைக் கார்குழலியின் காதில் கிசுகிசுத்தாள்.

"உன் ஊர் பக்கம் மொத்தம் எத்தினி பேருய்யா கீறாங்க?"

கொஞ்சம் தாமதித்துப் பதில் வந்தது.

"நாலாயிரத்து நூற்றி இருபத்தேழு."

ஷெர்லின் திரையைப் பார்த்தாள். கடைசி எண் வரை சரி. அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அண்ணன் அங்கேதான் இருக்கிறார், நீதான் சும்மா மனதைக் குழப்பிக்கொள்கிறாய் என்று மெல்லச் சொல்லிவிட்டு, துவரம்பருப்பு கேட்டு நின்றவளுக்கு நிறுக்கப் போனாள்.

கார்குழலிக்கு அந்த எண்தான் இடித்தது.

அவள் பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் இந்தக் குடியிருப்பில்தான். இங்கே எத்தனை பேர் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. குடியிருக்கிறவன் எவனும் தலையை எண்ணிக்கொண்டு இருக்கமாட்டான். அதிலும் பீம்ராவ். தன் கல்யாணத்துக்கு எவ்வளவு கூட்டம் என்று கேட்டவர்களிடம் ரெண்டு லாரி என்று சொன்னவன். அவன் நாக்கில் நூற்றி இருபத்தேழு வராது.

படிக்கிறான். இங்கே இவர்கள் படிப்பதையே அங்கே அவனும் பார்த்துப் படிக்கிறான். அந்த ஊரில் இருக்கிறவன் அந்த ஊரைப் படித்துத் தெரிந்துகொள்வானேன்?

ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்தாள். கத்தவில்லை.

"யோவ், மாதவரத்துல எவ வூட்ல குந்திகினு இத்த படிக்கிற? அவளாண்ட போன குடு."

வழக்கமாக இதற்குக் கெட்ட வார்த்தையில் பதில் வரும். அதற்காகவே காத்திருந்தாள். வரவில்லை. 

"மாதவரமா இருந்தா நடந்தே வந்துர மாட்டனா, கொயலி."

ரஷ்யா போன நாளிலிருந்து அவன் அவளைக் கார்குழலி என்று முழுதாகத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான், ரேஷன் கடையில் கூப்பிடுவதுபோல. குரலும் எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பது மாதிரியே இருக்கும். இதுதான் அவன் குரல். அழுதுகொண்டிருந்தான்.

எங்கேய்யா இருக்கிறாய் என்று கேட்க அவள் வாயைத் திறப்பதற்குள், அவன் பக்கத்திலிருந்து இன்னொரு குரல், "போதும், வை," என்றது. நல்ல தமிழ். அவசரமே இல்லாத குரல்.

இணைப்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டாள். போகவில்லை. மறுபடி கூப்பிட்டாள்.

பருப்புப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வந்த ஷெர்லின் அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், எவளாவது பேசினாளா, பேச்சு கேட்டதா என்றாள்.

ஏழு மாதமாகக் கார்குழலி காதைத் தீட்டிக் காத்திருந்தது ஒரு பெண்ணின் குரலுக்குத்தான்.

கேட்டது ஆம்பளைக் குரல்.