ஒற்றை ஓட்டு

"சரியான சோம்பேறிங்க" என்று முணுமுணுத்தபடி வாக்குக் கணக்கை மறுபடி பார்த்தாள் வெல்மின்சே.

ஆன்லைனுக்கு இருபத்தேழு. நேர் வகுப்புக்கு ஒன்றே ஒன்று.

கூப்பாங் நகரத்துக் கல்லூரி ஒன்றில் மீன்வளம் கற்பிப்பவள் அவள். ஒரு வருடமாக எல்லாமே ஆன்லைன். அடுத்த பருவம் எப்படி என்பதை அந்தந்த வகுப்பே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும், பெயர் எழுத வேண்டாம், ஆன்லைன், நேர் வகுப்பு இரண்டில் ஏதாவது ஒன்றுதான் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது.

அதே ஊரில் இருந்த வகுப்புத் தலைவன் யெரெமியாஸைக் கல்லூரிக்கு வரச் சொன்னாள்.

"போன மாசம் என்னப்பா சொன்னீங்க? கண்ணு எரியுது, சிக்னல் போயிடுது, செவுத்தோட பேசற மாதிரி இருக்குன்னு புலம்பினீங்க. இப்ப படுக்கையை விட்டு எழுந்திருக்க மனசு வரலையா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"கேமராவை அணைச்சிட்டுத் தூங்கலாம். அதானே?"

"அப்படியே வச்சுக்குங்க, இபு."

இபு, அதாவது அம்மா, என்று மரியாதையாகத்தான் சொன்னான். அவளுக்குத்தான் சுருக்கென்றது.

"ஒருத்தருக்காவது படிக்கிற ஆசை இருக்கே. அந்த ஒரு ஓட்டுக்காகவே டீன்கிட்ட பேசி நேர் வகுப்பா மாத்தறேன்."

"வேணாம் இபு." அவன் குரல் இறங்கியது. "மார்செலினா படிப்பு நின்னுடும்."

"அவளுக்கு என்ன?"

"அவங்கம்மா பக்கவாதம் வந்து அஞ்சு மாசமா படுத்த படுக்கை. அலோர் தீவுல இவ ஒருத்திதான் பாத்துக்கறா. அம்மாவை விட்டுட்டு இங்க வந்து தங்க முடியுமா? யாருக்கும் தெரிய வேணாம்னு இருந்தா. எப்படியோ எங்க காதுக்கு வந்துடுச்சு. அதான் பேசி வச்சு ஆன்லைன்னு போட்டோம். நாங்க பேசினது அவளுக்குத் தெரியாது."

வெல்மின்சே ஒரு நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"உக்காருப்பா" என்றாள். "அப்ப நேர் வகுப்புக்குப் போட்டது யாரு?"

"அதுதான் புரியல. ஓட்டை எண்ணினப்பவே மார்செலினாவைத் தவிர ஒவ்வொருத்தரையா கேட்டுட்டேன். யாரும் இல்லைங்கறாங்க."

அவள் செல்பேசியை எடுத்து மார்செலினாவைக் கூப்பிட்டாள். இரண்டு முறை அறுந்து, மூன்றாவது முறை குரல் வந்தது.

"மார்செலினா, நீ எதுக்கு ஓட்டுப் போட்டே?"

தயங்கினாள். "நேர் வகுப்புக்கு, இபு."

"உன்னால வர முடியுமா?"

"முடியாது. ஆனா அவங்க எல்லாரும் ஆன்லைன்ல கிடந்து எவ்வளவு கஷ்டப்படறாங்கன்னு எனக்குத் தெரியும். நான் ஒருத்தி அவங்களுக்குக் குறுக்க நிக்கக் கூடாதுல்ல? எனக்கு அப்புறம் பாத்துக்கலாம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "நேர் வகுப்புதானே ஜெயிச்சுது?"

வெல்மின்சே எதிரே உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள்.

"இல்லம்மா. இருபத்தேழு பேர் சேர்ந்து உன்னைத் தோக்கடிச்சிட்டாங்க."