கத்தரிப்பூ நிறத் திரை

குடிநீர் நிலையத்தில் தாமரைச்செல்வி என்ற பெயரில் வேலை பார்த்த மேகலா, ஆறு மாதமாகத் தன் கணினி டெர்மினலில் எந்த அமைப்பையும் மாற்றவில்லை. கறுப்புத் திரையில் கட்டளைகளை முழுசாகவே அடித்தாள். கைரேகை போலத் தனக்கே உரிய சுருக்கக் கட்டளைகளை எழுதினால், எந்த ஊர்க் கணினியும் காணாமல் போனவள் என்று அவளை அடையாளம் கண்டு, குடும்பத்துக்கு இருப்பிடத்தைச் சொல்லிவிடும். குடும்பம் என்று அவளுக்கு இருந்தது, அவள் கையை உடைத்த கணவன் மட்டும்தான்.

அன்று மதியம் குளோரின் கசிந்தது. கீழ்த்தளத்தில் நான்கு பேர் சிக்கிக்கொண்டார்கள். பதற்றத்தில் மேகலா, குளோரின் வால்வுகளை மூடும் நீளமான கட்டளையை இரண்டு முறை தப்பாக அடித்தாள்.

"சீக்கிரமுங்க, மூச்சு விட முடியலையாம்," என்றாள் பக்கத்து இருக்கை ரெஜினா.

மேகலா தன் பழைய சுருக்கங்களை மளமளவென்று எழுதித் தட்டினாள். வால்வுகள் மூடின. உடனே திரை, அவள் முன்பு வைத்திருந்த கத்தரிப்பூ நிறத்துக்கு மாறி, அவளுடைய சொந்தப் பெயரைக் காட்டியது.

"யாருங்க மேகலா?"

"நான்தான். என் கையை உடைச்ச புருஷனுக்கு இந்நேரம் தகவல் போயிருக்கும்."

நால்வரும் வெளியே வந்துவிட்டதாகப் போன் வந்தது. ரெஜினா அதை வைத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தாள்.

"பையை எடுங்க, கிளம்பலாம்."

மேகலா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பின்னால் நடந்தாள்.