கடைசி ஆள் கேட்ட விலை

பொட்டல் காட்டில் ஒரு சோலார் தகடும் டீசல் எஞ்சினும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அந்த ஊர் மின்சாரச் சந்தையில் ஒரு வழக்கம். மின்சாரம் விற்பவர்களில் குறைந்த விலை கேட்பவரை முதலில் கூப்பிடுவார்கள். தேவை தீரும்வரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கடைசி ஆள் கேட்ட விலையையே எல்லோருக்கும் கொடுப்பார்கள்.

வெயில் சும்மா கிடைப்பதால் தகடு ஒன்றும் கேட்காமல் முதல் ஆளாகப் போகும். கூடுதலாகக் கேட்கும் எஞ்சின்தான் எப்போதும் கடைசி.

"உன் கரி பூரா என் மூஞ்சியிலதான் விழுது" என்று தகடு தினமும் எரிந்து விழும்.

"என்ன செய்யச் சொல்ற தாயி, கூப்பிடுறாங்களே" என்று எஞ்சின் இருமும்.

தகடு தன் சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லியனுப்பியது. ஆயிரம் தகடுகள் வந்து காட்டை நிறைத்தன. ஒரு மதியம் எஞ்சினை யாருமே கூப்பிடவில்லை. விட்டது சனியன் என்று தகடு பளபளத்தது.

அன்று கடைசி ஆளாகப் போனதும் ஒரு தகடுதான். அது ஒன்றும் கேட்கவில்லை. அதனால் யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. மறுநாளும் அப்படித்தான்.

சாயங்காலம் மட்டும் ஓடிக் கட்டுப்படியாகாது என்று எஞ்சினை லாரியில் ஏற்றினார்கள்.

"மத்தியானத்துக்காவது இருண்ணே" என்றது தகடு.

"கூப்பிட்டாத்தானே தாயி வர முடியும்."

இப்போது தகட்டின் மேல் கரி விழுவதில்லை. விரல் கனத்துக்குப் புழுதி மட்டும் படிந்திருக்கிறது. கரி விழுந்த காலத்தில் தினமும் யாராவது கூலிக்கு வந்து துடைத்துவிட்டுப் போவார்கள்.