சின்னமுட்டி

தொழிற்சாலைக்கு வந்த இயந்திரக் கைக்குத் தமிழில் கையேடு எழுதுகிறேன். தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் சுலபமாக முடிந்தன. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இன்னொரு மூட்டு இருந்ததுதான் தலைவலி. அந்த ஒரு சொல்லுக்காக அச்சு வேலையே நின்றுபோய், முதலாளி முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

“மனுஷனுக்கு அங்க மடங்காதே சார், அப்புறம் பேரு எங்கேருந்து வரும்?” என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினேன்.

“இதுக்கா மண்டைய உடைச்சுக்கிறீங்க? எங்க வீட்டுல அதைச் சின்னமுட்டின்னு சொல்வோம்” என்றவள், தன் முன்கையை நடுவில் மடித்து, யாருக்கும் எட்டாத இடத்தில் முதுகைச் சொறிந்துகொண்டாள்.

கச்சிதமான சொல். எழுதிக்கொண்டேன். பிறகுதான் பேனா நின்றது.

“இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே?”

“நீங்க என்னைக்குக் கேட்டீங்க?”