ஆணியில் ஈரத்துணி

"அப்பா, நீ போர்டுல தப்பா எழுதுனா, எங்க டீச்சர் மாதிரி தப்பைச் சுத்தி உனக்கு யார் சிவப்புச் சுழி போடுவாங்க?" மூன்றாம் வகுப்பில் படித்தபோது என் மகள் மெர்சி கேட்டாள்.

"அப்பா தப்பா எழுத மாட்டேம்மா," என்று சிரித்தேன்.

ஆம்பூரில் எங்கள் தெருமுனையில், கட்சிக் கொடிக் கம்பத்துக்குக் கீழே ஒரு கரும்பலகை உண்டு. பதினொரு வருடமாக அதில் தினமும் காலையில் செய்தி எழுதுகிறவன் நான். எழுதிவிட்டுத்தான் ஷூ கம்பெனி வேலைக்குப் போவேன்.

பக்கத்தில் ஷபீ பாயின் டீக்கடை. எங்களை எதிர்த்து நிற்கும் கட்சிக்கு அவர்தான் இந்தத் தெருவில் பூத் ஏஜெண்ட். ஆனாலும் நான் வருவதற்குள் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து போர்டின் ஆணியில் மாட்டி வைத்திருப்பார். ஈரத்துணியால் துடைத்த போர்டில்தான் எழுத்து பளிச்சென்று தெரியும்.

"உங்க கட்சிப் பொய்யை நல்லா பளிச்சுன்னு எழுது பிரேமு," என்பார்.

எங்கள் ஆட்களும் அவர் கடை பெஞ்சில்தான் உட்கார்ந்து கட்சி பேசுவார்கள். நகரச் செயலாளர் கன்னியப்பன் டீ கிளாஸை ஆட்டிக்கொண்டே சொல்வார்: "டிவி அவன் காசுல ஓடுது. பேப்பர் இவன் காசுல ஓடுது. போன்ல வர்றது பூரா ரீலு. நம்ம பிரேமு கையெழுத்துல வந்தாதான் ஜனம் நம்புது."

அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது.

தேர்தலுக்கு ஐந்து நாள் இருந்தபோது, கன்னியப்பன் தன் போனில் ஒரு படம் காட்டினார். ஷபீ பாய் கடையின் பின்சுவர். சுவரோரம் ஒரு நீல டிரம். அதன்மேல் தோல் பதனிடும் கெமிக்கலின் லேபிள், லேபிளின் குறுக்கே ஒரு மஞ்சள் பெயிண்ட் தீற்றல். கழுவாத டிரம்மில் டீக்குத் தண்ணீர் பிடிக்கிறார் என்றார்.

எங்கள் ஊரில் தோல் தொழிற்சாலையின் பழைய டிரம் இல்லாத வீடு குறைவு. என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அதனாலேயே உடனே நம்பினேன். நாலடி நடந்து போய்ப் பின்சுவரைப் பார்க்கவில்லை.

அவர் நனைத்து வைத்த துணியாலேயே போர்டைத் துடைத்து, கொட்டை எழுத்தில் எழுதினேன்: "எச்சரிக்கை! ஷபீ டீக்கடையில் கெமிக்கல் டிரம் தண்ணீர்."

ஷபீ பாய் வெளியே வந்து படித்தார். என்னைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

ஒரு வாரத்தில் பெஞ்ச் காலியானது. பத்தாம் நாள் கடைக்குப் பூட்டு விழுந்தது.

நேற்று தேர்தல் கொடிகளை ஒப்படைக்கக் கட்சி ஆபீசுக்குப் போனேன். மூலையில் கொடிக் கம்புகளைப் போட்டு வைக்க ஒரு நீல டிரம். அதே லேபிள். குறுக்கே அதே மஞ்சள் தீற்றல்.

கன்னியப்பன் மறைக்கக்கூட இல்லை. "ஆமா, நாமதான் கொண்டுபோய் வெச்சு போட்டோ எடுத்தோம். இன்னா இப்ப? போன்ல உட்டுப் பாத்தோம், ஒருத்தன் நம்பல. நீ எழுதின அப்புறம்தான் நம்புனாங்க."

வீட்டுக்கு வந்து மண்டியிட்டேன். ஜெபம் வரவில்லை.

இன்று விடியுமுன்பே கிளம்பினேன். சாக்பீஸ் டப்பாவை ஆணியில் மாட்டிவிட்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஒதுங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

தெருமுனைக்கு வருமுன்பே கால் நின்றுவிட்டது.

குழாயடியில் ஷபீ பாய். தலையில் வெள்ளைத் தொப்பி. அதிகாலைத் தொழுகைக்குப் போகிற வழி. பூட்டிய தன் கடைப் பக்கம் அவர் திரும்பவில்லை. துணியை நனைத்தார். பிழிந்தார். என் போர்டின் ஆணியில் மாட்டிவிட்டுப் பள்ளிவாசல் பக்கம் நடந்தார்.

கடை பூட்டிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. பன்னிரண்டு நாளும் துணி ஈரமாகத்தான் இருந்தது. எடுத்துத் துடைத்துவிட்டு எழுதினேன். யார் நனைத்தது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

போர்டைத் துடைத்தேன். அன்று எழுதிய அதே வரியை, அதே கொட்டை எழுத்தில் மறுபடியும் எழுதினேன். டப்பாவின் அடியில் ஒரு சிவப்பு சாக்பீஸ் கிடந்தது. வரியைச் சுற்றிப் பெரிதாக ஒரு சுழி போட்டேன்.

கீழே எழுதினேன்: "இது பொய். அந்த டிரம் எங்கள் கட்சி ஆபீசில் இருக்கிறது. பார்க்காமல் எழுதியவன் பிரேம்நாத்."

பதினொரு வருடத்தில் அந்தப் போர்டில் என் பெயரை எழுதியது அதுதான் முதல் தடவை.

துணியைக் குழாயில் அலசினேன். சாக்பீஸ் தூள் போகும்வரை கசக்கி, நன்றாகப் பிழிந்தேன். போர்டு ஆணியில் மாட்டவில்லை. ஷபீ பாய் கடையின் பூட்டில் மாட்டினேன். கடையைத் திறந்ததும் முதலில் மேசையைத் துடைக்க வேண்டுமே.

தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வருமுன் தெருவைத் தாண்டிவிட்டேன்.