பெரிய முழம்

கோயில் வாசலில் எல்லாரிடமும் பூ முழம் நாலணாதான். ஆனாலும் முப்பிடாதியிடமே கூட்டம். முன்கை நீளமென்பதால் அவள் முழம் பெரிசு.

வேட்டி கட்டிய ஒருவர் தினமும் வந்து அவள் கையையே பார்த்தார்.

“அண்ணாச்சி, பூ வேணுமா, கை வேணுமா?” என்று சீறினாள்.

“இது யார் கை மாதிரிம்மா?”

“எங்க அய்யா கை. நாப்பது வயசுல, நெஞ்சைப் பிடிச்சிட்டு இங்கனயே விழுந்து போயிட்டாவ.”

“கட்டை விரலை உள்ளே வச்சுக் கையை மூடு.”

மூடினாள். கட்டை விரல் நுனி சுண்டு விரலையும் தாண்டி எட்டிப் பார்த்தது.

“நான் ஆஸ்பத்திரிக்குப் புதுசா வந்த டாக்டர். இப்படி நீளக் கையோட சேர்ந்து நெஞ்சுக் கோளாறும் பரம்பரையா வரலாம். நாளைக்கு வா. முன்னாடியே தெரிஞ்சா மாத்திரை இருக்கு. பாரம் மட்டும் தூக்காதே.”

பக்கத்தில் பூ அளந்த அவள் மகளிடம் பூ வாங்கிய ஒருத்தி சிரித்தாள்:

“ஏட்டி, ஒங்க அம்மையை விட ஒம் முழம் பெரிசு!”