ஏழரை அங்குலக் கால்தடம்

“இன்னைக்கும் வந்திருக்கு முதலாளி. ஈரக் கால்தடம். சரியா ஏழரை அங்குலம். நமக்கு ஏழரை பிடிச்சிருக்குன்னு நான் அப்பவே சொன்னேன்.”

டைல்ஸ் ஷோரூமின் விற்பனையாளர் அளவு டேப்பைச் சடக்கென்று சுருட்டினார். இடுப்பில் டேப் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அதனால் எல்லாருக்கும் அவர் டேப்பண்ணன். பேயைக்கூட அளந்து பார்க்கிற மனுஷர்.

பாதி விளக்குதான் எரிந்தது. டைல்ஸ் வெட்டும் பின்கட்டுக் குழாயடியிலிருந்து கிளம்பிய தடம், விற்காத கண்ணாடிகளின் வரிசையைக் கடந்து, சாம்பிளுக்காகப் போட்டு வைத்திருந்த படுக்கையறையின் கட்டிலில் போய் முடிந்திருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.

“வேற யார்கிட்டயும் சொல்லலையே அண்ணே?”

“சொல்ல யாரு இருக்கா? லோடுமேன், உள்ள யாரோ சிரிச்ச சத்தம் கேட்டு அன்னைக்கு ஓடினவன்தான். இப்ப இருக்கிறது நீங்க, நான், அப்புறம் அது.”

வீடு கட்டுகிறவர்கள் கையைச் சுருக்கிக்கொண்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. பதினோரு பேர் வேலை பார்த்த கடை இது.

தாக்குப்பிடிக்க முதலாளி என்னென்னவோ செய்து பார்த்தார். லாரியை விற்றார், மாடியைக் காலி செய்தார், ஏசியை நிறுத்தினார். இன்னும் ஒன்றையும் காலி செய்தார்; அதைப் பற்றி மட்டும் வெளியே மூச்சு விடவில்லை.

இன்று ஒரு பில்டர் வருகிறார். ஹாஸ்டல் வேலை, நாற்பது குளியலறை. இது கிடைத்தால் ஒரு வருஷத்தை ஓட்டிவிடலாம். நழுவினால் ஷட்டரை ஒரேயடியாக இறக்க வேண்டியதுதான்.

“அவர் முன்னாடி பேய் கீய்னு வாயைத் திறந்துடாதீங்க அண்ணே. உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்.”

“நான் ஏன் சொல்றேன்? தினமும் தடத்தைத் துடைக்கிறதே நான்தானே.”

காலை எட்டு மணிக்கு பில்டர் வந்தார். டைல்ஸை ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டே படுக்கையறைப் பக்கம் நடந்தார்.

அப்போது கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தும்மல் வந்தது. ரொம்பச் சின்னத் தும்மல்.

பில்டர் அப்படியே நின்றுவிட்டார். சுற்றியிருந்த கண்ணாடிகளிலெல்லாம் வெளிறிப்போன அவர் முகமே தெரிந்தது. “யாரு அது உள்ள?”

முதலாளி கட்டில் பக்கம் ஓரடி எடுத்து வைத்தார். போச்சு, எல்லாம் போச்சு.

“ஹச்!” டேப்பண்ணன் ஓங்கி ஒரு தும்மல் போட்டார். “நான்தான் சார். காலைலேருந்து டைல்ஸ் தூசி ஆளைக் கொல்லுது. இந்த ஹால்ல இங்க தும்மினா அங்க கேக்கும்.”

சொல்லிக்கொண்டே கட்டிலுக்கும் பில்டருக்கும் நடுவில் வந்து நின்றார். “அந்த ரூமை விடுங்க. ஹாஸ்டல்னா வழுக்காத டைல்ஸ்தானே முக்கியம்? ஷூவைக் கழட்டிட்டு இங்க வாங்க சார்.”

ஒரு குவளைத் தண்ணீரைத் தரையில் ஊற்றினார். பில்டர் அந்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்றார், நடந்தார், ஒரு குதி குதித்தும் பார்த்தார். வழுக்கவில்லை.

“நாற்பதுக்கும் இதையே போட்டுடுங்க” என்று கைகொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

கார் போகும் சத்தம் அடங்கியதும் முதலாளி டைல்ஸ் பெட்டி ஒன்றின்மேல் பொத்தென்று உட்கார்ந்தார். அவர் கண் மட்டும் கட்டிலை விட்டு நகரவில்லை.

டேப்பண்ணன் துணியை எடுத்து பில்டரின் ஈரத்தடங்களைத் துடைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு முதலாளியின் முகத்தைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் சொன்னார்:

“பின்கதவைத் திறந்து வச்சிருக்கேன் முதலாளி, உங்க வீட்டுப் பேய்க்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு.”